மடக்கு நாற்காலி வழக்கில் ஒரு வாபஸ்

மதிப்பிற்குரிய கலைக்களஞ்சிய நிர்வாகியும், என் மூத்த மகளின் கணவரும், ஆக மொத்தம் ஒரே ஆளுமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். இதற்குச் சான்று வேண்டுமென்றால் அத்தையையே கேட்டுக்கொள்ளுங்கள். என் சொல்லை மட்டும் நம்பக் கூடாது என்பது உங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் படித்த முதல் பாடம். அங்கே நீங்களும் மகளும் நல்லபடி இருப்பீர்கள் என்று சான்று இல்லாமலே நம்புகிறேன். சொந்தக்காரர் விவகாரத்தில் நிர்வாகி தலையிடக் கூடாது என்று விதி இருக்கிறதாமே. ஆகவே இதைப் படித்து முடிக்கும்வரை நீங்கள் எனக்கு யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது மறுபடி மாப்பிள்ளை ஆகிக்கொள்ளலாம்.

காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் பின்னால் வருகிறது. அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: காகிதம் நல்ல சாமான். எழுதியது எழுதியதுதான். முகம் தெரியாத எவரும் வந்து ஒரு பொத்தானை அமுக்கிப் பழையபடி மீளமைத்துவிட முடியாது.

வாடகை நாற்காலிக் கடையைக் கைமாற்றிவிட்டு நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். அலமாரியில் தட்டுகளை அடுக்கும் முறை, துணி காயப் போடும் வரிசை, செருப்பு விடும் திசை என்று நான் ஒவ்வொன்றாகச் சீர்திருத்திக்கொண்டு வர, உங்கள் அத்தை உங்களுக்குப் போன் போட்டு அழாத குறையாகப் பேச, நீங்களும் ஓடி வந்து, "மாமா, திருத்துறதுக்கு வேற இடம் காட்டுறேன்"னு சொல்லி எனக்கு ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தீர்கள். அந்தக் கணக்குக்கு 'பொறுமைசாலி' என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். அதில் கிண்டல் ஏதும் இல்லை என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு என்ன தெரியுமோ அதைத்தானே தேடுவேன்? மடக்கு நாற்காலி என்று அடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரி இருந்தது: "மடக்கு நாற்காலி என்பது விரித்து உட்காரக்கூடிய நாற்காலி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரிக்காமல் உட்காரும் நாற்காலிதான் உலகம் முழுக்க இருக்கிறதே! மடக்கு நாற்காலியின் பெருமை மடிவதில் இல்லையா? என் கிட்டங்கியில் அவை வருஷம் பூராவும் மடிந்து, சுவரில் சாய்ந்து, பரம சாதுவாக இருந்தவை. ஏதோ ஒரு கூட்டம் என்றால் ஒரு சாயங்காலம் விரியும், அவ்வளவுதான். உடனே, "மடித்து வைக்கக்கூடிய நாற்காலி" என்று திருத்திவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு காபி குடித்தேன். காலையில் பார்த்தால் மறுபடி "விரித்து". மாற்றியவர் பெயர் 'சும்மாவந்தவர்'.

சும்மா வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? நான் மடிப்பேன், அவர் விரிப்பார். நான் மடிப்பேன், அவர் விரிப்பார். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அவரை ஒரு பிடி பிடித்தேன். "சான்று இருக்கா?" என்றார். நானே சான்று என்றேன். அது செல்லாதாம். பரணில் ஏறி, என் கடையின் பழைய துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து, தும்மலோடு இறங்கி, அதைப் படம் பிடித்துப் போட்டேன். "பயன்படுத்திய பின் நாற்காலிகளை மடித்துத் தரவும்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அந்த மனிதர் அசரவில்லை. "பயன்படுத்தும்போது அவை விரிந்திருந்தன என்பதை இந்தச் சீட்டே ஒப்புக்கொள்கிறது" என்று எழுதி, என் சீட்டையே தன் வாக்கியத்துக்குச் சான்றாகக் கோத்துவிட்டார்!

சரி, படம் பேசட்டும் என்று வாசலில் நாற்காலியைப் போட்டு அத்தையை உட்காரச் சொன்னேன். "எழுந்திரு, மடிக்கணும்" என்பதற்குள் கை பட்டுப் படம் விழுந்துவிட்டது. அவள் பாதி எழுந்து, நாற்காலி பாதி மடிந்து, யார் கட்சி என்றே சொல்ல முடியாத படம். அதற்கு அடியில், "மடக்கு நாற்காலியுடன் ஒரு பெண்மணி" என்று எழுதிப் போட்டேன். அத்தை பார்த்துவிட்டாள். "ஒரு பெண்மணியா? இத்தனை வருஷம் கூட இருந்து பொங்கிப் போட்டதுக்கு நான் யாரோ ஒரு பெண்மணியா? அதுவும் தலைகூடச் சீவாம!" என்று பிடித்துக்கொண்டாள். பெயர் போட்டால் நடுநிலை கெட்டுவிடும் என்று விளக்கினேன். அன்று இரண்டு வேளையும் அவள் நடுநிலையாகத்தான் பரிமாறினாள்.

இதற்கு நடுவில்தான் சும்மாவந்தவர் அந்த வார்த்தையை எழுதினார்: "பொறுமைசாலி ஐயா மடக்கு நாற்காலியைப் பார்த்திருக்கலாம். உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகம்." மாப்பிள்ளை, எனக்கு வந்ததே கோபம்! நாற்காலி வாடகைக்கு விட்டே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவனைப் பார்த்து இந்தப் பேச்சா? நேரே நடத்தைப் புகார்ப் பக்கத்துக்குப் போய், தனிமனிதத் தாக்குதல் என்று ஒரு புகார் எழுதிவிட்டேன். அங்கே கூடினவர்கள் அவரை விசாரித்தார்கள். கையோடு என்னையும் விசாரித்தார்கள். "உமக்கு எந்தச் சபையிலும் உட்கார இடம் கொடுக்கக் கூடாது" என்று நான் எப்போதோ அவருக்கு எழுதியதைத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். நாற்காலியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். கணினிப் பக்கமே போகவில்லை. உடம்பு தேறி, கஞ்சி டம்ளரோடு போய்த் திறந்து பார்த்தால், கட்டுரையில் "மடித்து வைக்கக்கூடிய நாற்காலி" என்று என் வாக்கியம் அப்படியே இருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு துள்ளுத் துள்ளினேன். அப்புறம் பக்க வரலாற்றைப் பார்த்தேன்.

நான் படுத்திருந்தபோது யாரோ ஒரு சோபாக் கடைக்காரர் புகுந்து கட்டுரையை மொத்தமாக அழித்துவிட்டு, "மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு போகும், எங்கள் கடைக்கு வாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். சும்மாவந்தவர் அதை நீக்கிப் பழையபடி வைத்திருக்கிறார். பழையபடி என்றால், அவர் வாக்கியத்தை அல்ல, என்னுடையதை! கடைக்காரர் மறுபடி அழித்திருக்கிறார், இவர் மறுபடி என் வாக்கியத்தை நிறுத்தியிருக்கிறார். ஒரே பக்கத்தை ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று உங்கள் விதி. விதி தெரிந்தே நான்காம் முறையும் செய்திருக்கிறார். ஏற்கெனவே என் புகார் வேறு தொங்கிக்கொண்டிருந்ததா, அவரைத் தடை செய்துவிட்டார்கள். சோபாக்காரர் செய்தது விஷமமா வெறும் விளம்பரமா என்று அங்கே இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. இவரை நிரந்தரமாகவே நீக்கிவிடலாமா என்று அதற்குப் பக்கத்திலேயே வாக்கெடுப்பு. அதற்குத் தீர்ப்பு எழுத வேண்டிய நிர்வாகி நீங்கள் என்று போட்டிருக்கிறது.

என் பயனர் பக்கத்தில் அவர் ஒரு குறிப்பு விட்டிருந்தார்: "ஐயா, நாலைந்து நாளாகத் தாங்கள் என்னைத் திட்டவில்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? தாங்கள் இல்லாத நேரத்தில் மாற்றினால் அது யோக்கியமாகாது. வந்ததும் சொல்லுங்கள், விரித்துவிடுகிறேன்."

கஞ்சி ஆறிப்போயிற்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. காய்ச்சலில் கிடந்தபோது என் தம்பிகூட ஒரு போன் போட்டு விசாரிக்கவில்லை. முகம் தெரியாத ஒரு வம்புக்காரர், நான் திட்டவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறார்.

உடனே புகார்ப் பக்கத்துக்கு ஓடினேன். "பெரியவர் சும்மாவந்தவர் மீது நான் கொடுத்த புகாரை மனப்பூர்வமாக வாபஸ் வாங்குகிறேன். அவர் பண்பாளர். தயவுசெய்து மன்னித்து விட்டுவிடுங்கள்" என்று எழுதினேன். என்ன ஆயிற்று தெரியுமா? "பொறுமைசாலி இவ்வளவு மரியாதையாக எழுதமாட்டார்" என்று ஒருவர் சந்தேகப்பட்டார். "தயவுசெய்து என்ற சொல்லை இவர் இதற்கு முன் பயன்படுத்தியதே இல்லை" என்று இன்னொருவர் ஆராய்ச்சி செய்து நிரூபித்தார். கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, என்னையும் எழுதவிடாமல் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் மாப்பிள்ளை, காகிதம்.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். காலையில் எழுந்தால் மடிக்க ஒன்றுமில்லை. என் வாக்கியம் பாட்டுக்கு இருக்கிறது. எதிர்த்துக் கேட்க ஆளில்லை. நேற்று தட்டு அடுக்கும் விஷயத்தில் அத்தையிடம் வாய் கொடுத்துவிட்டேன். "ஆரம்பிச்சுட்டீங்களா? எங்க போனாரு உங்க ஆளு?" என்று கேட்டாள். என் ஆளாம்!

ஆகவே, நிர்வாகி அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். அவர் மாட்டிக்கொண்டது என் வாக்கியத்தைக் காப்பாற்றப் போய். அவரை விடுவித்துவிடுங்கள். வேண்டுமானால் "விரித்து" என்றே இருந்துவிட்டுப் போகட்டும். ஆமாம், நான்தான் சொல்கிறேன், கணக்கை யாரும் திருடவில்லை. விரித்தால்தானே உட்கார முடியும்? அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இனிமேல் அந்தக் கட்டுரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

நீங்களும் மகளும் எடுத்த காரியமெல்லாம் தடையின்றி முடிந்து, உங்கள் சொல்லுக்கு எவரும் சான்று கேட்காதபடி பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்
(பொறுமைசாலி)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அத்தை வந்து, "யாருக்குக் கடுதாசி?" என்றாள். சொன்னேன். "அதுக்கு ஏங்க இத்தனை பக்கம்? நான் நேத்தே உங்க பொண்ணுகிட்ட போன்ல சொல்லிட்டேனே. அப்பாவுக்குச் சண்டை போட ஆளில்லாம என்கிட்ட வர்றாரு, அந்த மனுஷனை விட்டுடச் சொல்லுடின்னு. மாப்பிள்ளை அப்பவே விட்டுட்டாராம்" என்றாள். ஓடிப் போய்த் திறந்து பார்த்தேன். என் பூட்டும் திறந்திருக்கிறது. கட்டுரையையும் பார்த்தேன். "ஐயா நலமடைந்ததில் மிக்க மகிழ்ச்சி" என்று குறிப்பு எழுதிவிட்டு, முதல் வேலையாக "விரித்து" என்று மாற்றி வைத்திருக்கிறார், அந்த ஆள்!

ஆகவே மேலே எழுதியது முழுவதையும் மீளமைத்துக்கொள்ளவும். அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இல்லை. அதற்காகத் தடை கிடை என்று எதையும் போட்டுத் தொலைத்துவிடாதீர்கள். நாளுக்கு மூன்று முறை எனக்கும் உண்டு, அவருக்கும் உண்டு. போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.