ஏலத்துக்கு வந்த மாடி வீடு

இனி வாடகை விஷயத்தில் ஒருத்தரிடமும் யோசனை கேட்பதில்லை என்று தாண்டவராயன் முடிவெடுத்தார். மகன் ஆசையாகக் கட்டிவிட்டு, பெண்டாட்டி ஊரான கோயம்புத்தூரோடு போய்விட்ட மாடி வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது.

நெம்மேலிக் குப்பத்தில் வாடகைக்கு என்று அந்த ஒரு வீடுதான். எதைப் பார்த்து வாடகை சொல்வது? திருப்போரூர் அடுக்குமாடியில் பதினைந்தாயிரம் என்றார்கள். அங்கே லிஃப்ட்தானே, இங்கே கடலே இருக்கிறது என்று பதினெட்டு கேட்டார். வந்தவர்கள் கடலை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நர்ஸ் ஜெனிஃபர் மட்டும் இடுப்பில் பிள்ளையோடு நின்று, "பத்தாயிரம் தரேன், அண்ணா" என்று கெஞ்சினாள். முடியாது என்று அனுப்பிவிட்டார். அந்த நினைப்பு அவர் மனசை அரித்தது. உப்புக்காற்று ஜன்னல் கம்பியை அரித்தது.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுப் பாரேன், வச்சலா" என்றார், மீன் விற்கும் மனைவியிடம்.

"அவ மாமல்லபுரத்துல வூடு புடிச்சிட்டாய்யா. ஏழு கேளு, போதும். போர் தண்ணி உப்பு, பஸ்ஸும் கிடையாது. வெளக்கு எரியாத வூட்டப் பாத்தா எனக்கு வயிறு எரியுது."

"ஏழா? முப்பது வருஷம் கரையில மீன் ஏலம் வுட்டவன் நானு. வூட்டையும் ஏலம் வுடறேன். நாலு பேரு போட்டி போட்டா நியாயமான வாடக தானா வந்து வுழும்!"

"உன் இஷ்டம். ஆளுங்கள நான் இட்டாறேன்."

அவள் அவ்வளவு சுளுவாக ஒத்துக்கொண்டபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை வாசலில் மூன்று குடும்பங்கள். தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பதினஞ்சு! பதினஞ்சாயிரம்!"

ஒருத்தரும் அசையவில்லை. கரையில் ஆள் பேசாவிட்டால் விலையை இறக்குவதுதான் வழக்கம், மீன் கெட்டுவிடுமே. பழகிப்போன நாக்கு தன்னால் இறங்கியது.

"பதிமூணு! பன்னெண்டு! பத்து..."

பத்தில் ஜெனிஃபரின் பிள்ளை முகம் ஞாபகத்துக்கு வந்தது. நாக்கு நிற்கவில்லை.

"ஒம்போது! எட்டு! ஏழு!"

"ஏழு, எனக்கு!" டீச்சர் ரோகிணி கை தூக்கினாள்.

கை தூக்கினால் முடிந்தது. சொன்ன விலையை மாற்றினால் அப்புறம் கரையில் எவன் மதிப்பான்?

எல்லாரும் போன பிறகு அவர் வச்சலாவிடம் திரும்பினார்.

"இன்னாமே இது? டீச்சரு ஏழு வரிக்கும் வாயே தொறக்கல?"

"நான்தான் தொறக்க வாணாம்னேன். முப்பது வருஷமா உன் ஏலத்துல மீன் எடுக்கறவ நானு."

"செரி, மத்த ரெண்டு குடும்பத்துக்கும் வூடு வாணாமா?"

"அவங்களுக்கு சொந்த வூடே கீது. திருப்போரூர்ல என்கிட்ட மீன் வாங்கறவங்க. கூட்டம் இல்லாட்டி நீ ஏலம் வுடமாட்டியே!"