அருவிக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர்

குற்றாலத்தில் அருவி கொட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு செம்புத் தண்ணீர் கேட்டுக் கெஞ்சியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் என் மாமனார் சொல்லிவிடுவார்.)

எனக்கு அருப்புக்கோட்டை. குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் கல்யாண வீட்டுக்குக்கூடத் தாமதமாகப் போகிறவர்கள் நாங்கள். ஒரு வாளிக்குள் குளித்து முடிக்க வேண்டும். நனைய ஒரு செம்பு. பிறகு தண்ணீர்ப் பக்கமே போகாமல் தேய்க்க வேண்டும். மிச்சத்தில் அலச வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் ஓடினால் அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டுவார்.

காரியாபட்டியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். செல்வியை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா பாத்திரக்கடைக்காரர். ஒரு குடத்தையே நாலு தடவை தட்டிப் பார்த்துக் கொள்முதல் செய்கிறவர், மாப்பிள்ளையைத் தட்டிப் பார்க்காமல் விடுவாரா?

“சீசன் நல்லாருக்காம் தம்பி. குடும்பத்தோட வேன்ல போறோம், நீங்களும் வாங்க. ஒரு நாள் கூட இருந்தா ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும்ல” என்றார். அதற்குப் பிறகுதான் நிச்சயமாம்.

கிளம்பும்போது அம்மா என் தலையில் எண்ணெயை வழிய வைத்து, ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தையும் பையில் திணித்தார். அருவிக்கரையில், எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதற்கும் அனுமதியில்லை என்று போர்டு இருந்தது. நானும் படித்தேன். (பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான்.)

அருவிக்குள் நுழைந்ததும் முதுகில் சரியான மொத்து. அவ்வளவு ஆனந்தமாக இருந்தது. நன்றாக நனைந்தாயிற்று, இனி தேய்க்க வேண்டும். அருவியை நிறுத்த வழியில்லை. ஆகவே நானே வெளியே வந்து ஓரமாக நின்று, தலை முழுக்கச் சீயக்காயை அப்பினேன்.

அந்த நேரம் பார்த்து விசில் அடித்தார்கள். மலையில் மழையாம், தண்ணீர் கூடுகிறதாம். எல்லோரையும் வெளியேற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். எனக்கோ கண்ணுக்குள் சீயக்காய் இறங்கி, உயிர் போகிற எரிச்சல்.

“அண்ணே! ஒரு செம்பு தண்ணி குடுங்கண்ணே!” என்று எட்டுத் திக்கும் கைநீட்டினேன்.

“ஏலே, இங்க பாரு! அருவிகிட்ட நின்னுக்கிட்டு செம்புத் தண்ணி கேக்காரு!” என்றது ஒரு குரல்.

ஒரு கை என் தோளைப் பிடித்தது. போலீஸ்காரர். “போர்டப் பாக்கலையா? சரி, தேய்க்கிறத உள்ள நின்னு தேய்ச்சிருந்தா அதுபாட்டுக்குப் போயிருக்கும். வெளிய எதுக்கு வந்தீக?”

“தேய்க்கையில தண்ணி வீணாப் போகுமேன்னு...” என்றேன்.

சிரிப்பில் அருவிச் சத்தமே அமுங்கிப்போனது. அதில் காரியாபட்டிக் குரல்களும் இருந்தன. சம்பந்தம் போயே போச்சு என்று நினைத்தேன். நிஜமாகவே அழுதேன். (சீயக்காயின் புண்ணியத்தில் யாருக்கும் தெரியவில்லை.)

“குனிங்க” என்று பக்கத்தில் ஒரு குரல். செல்வி! குடிக்கக் கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்து நூல் மாதிரி ஊற்றினாள், நிறுத்தினாள். “நல்லா அலசுங்க” என்றாள். மறுபடியும் நூல் மாதிரி ஊற்றினாள். நான் கண்ணைத் திறந்தபோது தலை சுத்தமாகியிருந்தது. பாட்டிலில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

மூடியைத் திருகிக்கொண்டே அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: “எனக்குச் சம்மதம்ப்பா.”

அவருக்கோ சிரிப்பு அடங்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

கல்யாணமாகி எட்டு வருடமாகிறது. இப்போதும் மாமனார் வீட்டில் நான் குளிக்கப் போனால், கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்கும்: “மாப்பிள்ள, தேச்சு முடிச்சிட்டீகளா? அருவியத் தொறந்துவிடச் சொல்லவா?”