எந்த உள்ளாட்சியிலும் இல்லாத தெரு

அறிவிப்பு தெளிவாகத்தான் இருந்தது. ‘உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கணினி உதவியாளர்கள் தேவை. அந்தந்த உள்ளாட்சியில் வசிப்போர் மட்டும் ஆங்காங்கே விண்ணப்பிக்கவும்.’

காஞ்சிபுரத்துக்கு வெளியே, சரிகைமேட்டு நவாபுத் தெருவில் குடியிருந்த நௌஷீன் பி.காம். படித்தவள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்று அவளைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. விண்ணப்பிக்க ஒரு வாரம் இருந்தது. எல்லாத் தகுதியும் இருந்தது. தான் வசிப்பது எந்த உள்ளாட்சியில் என்பதுதான் தெரியவில்லை.

ஊராட்சி செயலர் கண்ணாயிரம் அன்பாகவே விளக்கினார்.

“கிராம ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. அப்புறம் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. இதுல நீ எதும்மா?”

“நான் நவாபுத் தெரு சார்.”

“அதைப் பேரூராட்சிக்குக் குடுத்துட்டோமே!”

பேரூராட்சி எழுத்தர் பிரேம்நாத் மறுக்கவில்லை. “குடுத்தாங்க. நாங்க இன்னும் வாங்கிக்கலையே.”

ஒன்றிய அலுவலக மேலாளர் தேவகி இந்தச் சிக்கலை அறிவியல் முறையில் அணுகினார்.

“உங்க குப்பையை யாரு எடுக்கறாங்க?”

“யாரும் எடுக்கறதில்ல மேடம்.”

“தெரு விளக்கு?”

“எரியாது.”

“சாக்கடை?”

“அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்குது.”

தேவகி பேனாவை மூடினார். “அப்ப நீங்க எந்த உள்ளாட்சியிலயும் இல்லம்மா. சந்தேகத்துக்கே இடமில்ல.”

செய்தி கேட்டு நவாபுத் தெரு கொதித்தது. தெருச் சங்கத் தலைவர், நௌஷீனின் அப்பா லியாகத் அலி, கண் கலங்கிவிட்டார். “நாம என்ன அநாதைங்களா? விடாதேம்மா!”

அவள் விடவில்லை. மறுநாள் பிரேம்நாத்தின் டீ கிளாஸுக்கு அடியில் ஈரமாகிக் கிடந்த காகிதத்தில் ‘நவாபுத் தெரு’ என்று தெரிந்தது. கிளாஸைத் தூக்கிப் படித்தாள். தெருவைப் பேரூராட்சியோடு இணைத்த அரசாணை.

“அடடே, எங்களுதுதான்!” என்றார் பிரேம்நாத். “இத்தினி நாளா ஏம்மா சொல்லல?”

வேலை கிடைத்தது. போட்டியே இல்லை. மற்ற யாராலும் தாங்கள் எங்கே வசிக்கிறோம் என்று நிரூபிக்க முடியவில்லை.

பணியில் சேர்ந்த அன்றே நௌஷீன் தன் தெருவைப் பெருமையோடு கணினியில் ஏற்றினாள். கணினி தன் கடமையை உடனே செய்தது. வீட்டு வரி, தண்ணீர் வரி, குப்பை வரி என்று நாற்பத்திரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் போனது. குப்பை வண்டி மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை ஒரு மனு வந்தது. ‘நவாபுத் தெரு தொன்றுதொட்டு எந்த உள்ளாட்சிக்கும் உட்படாதது. அந்நிலையே தொடர ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.’ தெருவே கையெழுத்திட்டிருந்தது. முதல் கையெழுத்து லியாகத் அலி.

நௌஷீன் இரண்டு முறை படித்தாள். பிறகு ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி, ‘இம்மனு ஒன்றிய அலுவலகத்துக்கு உரியது’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினாள்.