ஆற்றங்கரையில் எங்களை விட்டுப்போன வேன்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பின் தம்பி றாஸிக்குக்கு, உன் மூத்த காக்கா மீராசா ஸலாம் சொல்லி எழுதுவது. கட்டாரில் உன் உடம்புக்கும் வேலைக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். பெண்கள் அளவுக்கு மீறிச் சுகமாக இருக்கிறார்கள். நான் மட்டும் ஐந்து நாளாகத் தும்மிக்கொண்டிருக்கிறேன். வொய்ஸ் அனுப்பாமல் காக்கா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். இந்தக் குடும்பத்தில் ஒரு போனில் கதைத்தால் நாலு போனில் கேட்கிறது. அதனால்தான் ஞாயிறு டோஹாவுக்குப் பறக்கும் பக்கத்து வீட்டு மருமகனிடம் கவரில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். வாசித்து முடித்ததும் உன் மனைவி நப்லாவுக்குப் போன் எடுத்து நன்றாகக் கண்டித்துக் கதை. காரணத்தைச் சொல்கிறேன், கேள்.

பள்ளிக்கூட விடுமுறை, கச்சான் காற்று அனலாக வீசுகிறது, ஆற்றுக்குப் போய் ஒரு நாள் குளித்து வருவோம் என்று நப்லாதான் கிளப்பினாள். நம்முடைய தங்கச்சி றாபியா, அவள் மாப்பிள்ளை அஸீம், பிள்ளைகள், நான், என் மனைவி அஸீஸா என்று பதினொரு பேர் உன்னுடைய வேனில் ஏறினோம். ஓட்டியது நப்லா. நெய்ச்சோறு, கோழிக் கறி, மாசிச் சம்பல், வட்டிலப்பம் எல்லாவற்றையும் பெண்கள் ஸுபஹுக்கு முன்பே எழும்பிச் சமைத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. வேனில் ஏறும்போது பாராட்டியும் சொன்னேன், உப்பு மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது என்று.

வரிப்பத்தான்சேனை தாண்டி, நெல் முற்றி வெட்டுக்கு நிற்கும் வயல்களுக்கு நடுவே போனால் ஆறு. இரண்டு கரையிலும் மருத மரங்கள், அடியில் வெள்ளை மணல், கண்ணாடி போல் தண்ணீர். ஆண்களும் பெண்களும் ஓரிடத்தில் குளிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். மூத்தவன் என்ற முறையில் நான் தீர்ப்புச் சொன்னேன்: முதலில் ஆண்கள். இதில் சுயநலம் ஏதும் உண்டா? ஆழம் பார்க்க வேண்டும், இழுப்புப் பார்க்க வேண்டும், முதலை கிடந்தால் எங்களைத்தானே முதலில் பிடிக்கும்! இந்தத் தியாகத்துக்கு நன்றி சொல்லாமல் உன் மனைவி கேட்கிறாள்:

"எத்தின மணிக்கு மச்சான் எங்கட முறை?"

"பதினொரு மணிக்கு" என்றேன். போனை எடுத்து நேரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

இறங்கினோம். தம்பி, அந்தத் தண்ணீரை என்னவென்று சொல்வேன்! நான் முப்பது வருஷம் அரசாங்கக் கந்தோரில் கோப்புப் பார்த்தவன். எதையும் அவசரப்பட்டுப் பார்த்துப் பழக்கமில்லை. ஆழத்தையும் அப்படித்தான் பார்த்தேன். பெண்கள் மரத்தடியில் பாய் விரித்து எங்கள் உடுப்பையும் போன்களையும் காவல் பார்த்தார்கள். நாங்கள் சோப்புக் கேட்டால் சோப்பு வந்தது, குடிக்கப் பிளேன்டி கேட்டால் சுடச்சுடப் பிளேன்டி வந்தது. பதினொரு மணியாகும்போதுதான் தண்ணீர் உடம்புக்குப் பிடிபடத் தொடங்கியது. பதினொன்றரைக்கு அஸீஸா கரைக்கு வந்தாள்.

"இஞ்சருங்க, வெயில் ஏறிட்டு. வெளிய வாங்களன்."

"இன்னும் ஆழம் பாத்து முடியல்ல புள்ள."

"முட்டளவு தண்ணிக்குள்ள என்னத்த ஆழம் பாக்கிற?"

இப்படிக் கேட்கலாமா? நான் காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி மல்லாந்து படுத்துக்கொண்டேன். அதனால்தான் வேன் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்கவில்லை.

எழும்பிப் பார்த்தால் மரத்தடி வெறும் தரை. பாய் இல்லை, சோற்றுப் பானை இல்லை, எங்கள் உடுப்பு இல்லை, துடைக்கத் துவாய்கூட இல்லை. மருத மரத்து வேரில் ஒரு கல்லை வைத்து அதன் கீழே பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதியிருந்தது: "மச்சான், நாங்க ஆத்தோட மேல போறம். நீங்க ஆறுதலா, அவசரப்படாம ஆழத்தப் பாருங்க. நப்லா."

நான், அஸீம், ஆண் பிள்ளைகள் மூன்று பேர் என்று ஐந்து ஆண்கள், தம்பி! இடுப்பில் ஈரச் சாரனோடு, வெறுங்காலோடு, பசியோடு, கொதிக்கிற வரம்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். வெட்டு மெஷின் ஓட்டியவன் மெஷினையே நிறுத்திவிட்டு, "என்ன காக்கா, உடுப்பெல்லாம் எங்க?" என்று கேட்டான். என்னத்தைச் சொல்வது?

ஆறு வளைகிற இடத்தில் வேன் நின்றது. அதற்கு அப்பால் தண்ணீர் அடிக்கிற சத்தமும் சிரிப்பும். பெண்கள் குளிக்கிற இடம், எட்டிப் பார்க்க முடியாது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி, வயலைப் பார்த்துக்கொண்டு வரம்பில் குந்தினோம். குந்தியபடியே நான் சத்தம் போட்டேன்.

"நப்லா! சோறு!"

"ஆழம் பாக்கிறம் மச்சான்!"

மறுபடி ஒரே சிரிப்பு. அதற்குள் ஒரு சிரிப்புத் தனியாக மேலே எழும்பியது. மூச்சு முட்ட முட்ட, நடுவில் விக்கிக்கொண்டு, அடங்கமாட்டாத சிரிப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆரு அஸீம் அது, இப்பிடிச் சிரிக்கிற?"

அஸீம் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மச்சான், அது உங்கட ஆள்தான்."

நான் நம்பவில்லை. மறுபடி கேட்டேன். அவள்தான். முப்பத்தொரு வருஷமாக என் வீட்டில் இருக்கிறவள், இப்படி ஒரு சிரிப்பை எங்கே வைத்திருந்தாள்? நான் அதைப் பார்க்கக்கூட முடியாமல், நெல்லைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. இதற்கு ஆர் பொறுப்பு? உன் மனைவிதான் பொறுப்பு!

பின்னேரம் அஸருக்குக் கிட்டத்தான் வெளியே வந்தார்கள். அதற்கு முன்பே சாப்பிட்டும் முடித்திருந்தார்கள். எங்களுக்கு ஒதுக்கிய சகன் தட்டில் சோறு தாராளமாக இருந்தது. கோழியில் கழுத்தும் முதுகும் மட்டும். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு, இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். நப்லா குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "பதினொரு மணி எண்டு ஆரு மச்சான் சொன்ன?" அதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்துவிட்டது.

ஆகவே தம்பி, வேன் சாவியை என்னிடம் ஒப்படைக்கும்படி அவளுக்கு உடனே சொல். இனி இந்தக் குடும்பம் ஆற்றுப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. இது என் முடிவு.

உன் ரிஸ்காகிய வருமானத்திலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. தொழுகையை விடாதே, வெயிலில் நின்று வேலை செய்யாதே.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் காக்கா,
மீராசா.

பி.கு.: இன்று சனிக்கிழமை. கவரை ஒட்டப் போகும்போது அஸீஸா பிளேன்டி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். ஆருக்குக் கடிதம் என்று கேட்கவில்லை. "எனக்கு நல்லா நீந்தத் தெரியும், தெரியுமா உங்களுக்கு? சின்ன வயசில வாப்பாட வயலுக்குப் போய், ஆத்தில பழகின. கலியாணத்துக்குப் பிறகு ஒருத்தரும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல" என்றாள். நான் பிளேன்டியை ஆறவிட்டேன். பிறகு, "நாளைக்குப் போவமா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. நப்லா ஓட்டுகிறாள், நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். சாவி அவளிடமே இருக்கட்டும், நீ ஒன்றும் கதைக்க வேண்டாம். திரும்ப எழுதக் கை வலிக்கிறது. ஆகவே மேலே உள்ளதை வாசிக்காமல் கிழித்துவிடு. ஆழமான இடத்துக்கு அஸீஸா என்னையும் கூட்டிப் போவாளாம். எனக்கு நீந்தவே தெரியாது என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நீயும் வாயைத் திறக்காதே.