வெய்க்கோவுக்குத் தெரிந்த தாலின்

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி என்னைத் தாலினுக்குக் கூட்டிட்டுப் போ. நீ காபி குடிக்கிற கடையில ஒரு காபி. அது போதும்," என்றாள் மனைவி ஐலி.

வெய்க்கோ கடித்த ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தான்.

வருஷா வருஷம் வசந்தத்தில் கடல் தாண்டி எஸ்தோனியாவின் தாலினுக்குப் போய்வருகிறவன் அவன். பின்லாந்தின் லாஹ்தி ஊரில் அவன் குடியிருந்த கட்டடத்துக்கே அது தெரியும். தெரியாதது ஒன்றுதான். கப்பலை விட்டு இறங்கினால் துறைமுகத்து மலிவு மதுக்கடை. பீர்ப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கட்டினால் மறுபடி கப்பல். மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தில் அவன் கால் பட்டதே இல்லை. பின்லாந்து ஆம்பளைகள் பலர் தாலினைப் பார்த்த லட்சணம் அதுதான். வீட்டுக்கு வந்தால் மட்டும் வாய் நீளும். சதுக்கம் என்பான், கோபுரம் என்பான், கோபுரத்தைப் பார்த்த சன்னலோர மேசை என்பான். எல்லாம் கப்பலில் கிடைத்த விளம்பரத் தாளில் சுட்டது.

கூட வருகிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம், உனக்கு அலை ஒத்துக்காது என்று வாயை அடைத்தான். அந்த நாட்களில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி ராத்திரிதான் திரும்புவாள். இப்போது அவள் நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்க்க நாள் குறித்தாயிற்று. பயமில்லை என்றார்கள் டாக்டர்கள். அறுபடுவது அவர்கள் நெஞ்சா என்ன. இந்தத் தடவை மறுக்க அவனுக்கு வாய் வரவில்லை.

முதலில், அந்தக் கடையை மூடிவிட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தான். ஐலியின் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு, பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்றாள்.

கட்டடத்துப் பொதுச் சௌனாவில், நீராவிக் குளியலறையில், வேர்த்துக்கொண்டே கப்பல் கூட்டாளி உர்போவிடம் வழி கேட்டான். உர்போவும் மதுக்கடையைத் தாண்டாதவன்.

"மூட்டு வலின்னு நொண்டு. பொம்பளைங்க இரக்கப்படுவாங்க," என்றான் உர்போ.

நொண்டினான். ஐலி இரக்கப்பட்டாள். மாலையே கீழ்வீட்டிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி வந்து நிறுத்தினாள்.

"நீ உக்காந்து வழி சொல்லு. நான் தள்ளுறேன்."

மூட்டு அந்த இடத்திலேயே குணமாகிவிட்டது.

கடைசியில் நூலகத்திலிருந்து வரைபடம் எடுத்து வந்து, கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு மனப்பாடம் செய்தான். அங்கேயே கிடக்கிறானே, வயிறு கெட்டுவிட்டது என்று ஐலி முடிவுகட்டி, புறப்படும் வரை வெறும் ஓட்ஸ் கஞ்சியே ஊற்றினாள்.

தாலினில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. அவன் உருப்போட்டது ரயிலடியிலிருந்து போகும் வழி. நிற்பதோ துறைமுகம். கால்கள் பழக்கதோஷத்தில் மதுக்கடைப் பக்கம் திரும்பின. குறுக்குவழி என்று சமாளித்தான். குறுக்குவழி ஒரு கிடங்கின் பின்சுவரில் போய் முட்டியது.

ஐலி நிமிர்ந்து பார்த்தாள். அதோ கோபுரம் தெரிகிறதே, அதைப் பார்த்து நடப்போமா என்றாள். முனைக்கு முனை, "இடதுதானே?" என்று கேட்டாள். "இடதுதான்," என்றான் அவன்.

கொஞ்ச நேர நடைதான். மதில் வாசலைக் கடந்ததும் கல் பாவிய தெரு, சிவப்பு ஓடுகள், வெயில். பீர்ப் பெட்டி கட்டும் நேரத்தில் இங்கே வந்து போயிருக்கலாம். அவளும் கூட வந்திருக்கலாம். நல்ல நெஞ்சோடு வந்திருப்பாள். இப்போது சுவருக்குச் சுவர் கை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். அவன் அவள் பையை வாங்கிக்கொண்டான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சதுக்கத்தில் ஒரு காபிக்கடை முன் நின்றாள். சன்னலோரம் ஒரு மேசை, எதிரே கோபுரம்.

"உன் கடையை மறுபடி திறந்துட்டாங்க போல," என்றாள்.

"ஆமா, திறந்துட்டாங்க," என்றான் வெய்க்கோ. தப்பித்தோம் என்று நாற்காலியில் சாய்ந்தான்.

கடைக்காரி கேட்காமலே ஐலி முன் பால் கலக்காத காபியை வைத்தாள். எஸ்தோனியக்காரி, பின்னிஷ் மொழி சரளமாக வந்தது. வெய்க்கோவை மேலும் கீழும் பார்த்தாள்.

"வருஷா வருஷம் அவருக்கு அடுத்த கப்பல்ல வந்து, என் வீட்டுக்காரர் காபிக்கு இங்கதான் வருவார்னு ஒரு நாற்காலியப் பிடிச்சு வெச்சு, கடைசிக் கப்பல் வரைக்கும் காத்திருப்பீங்களே ஐலி, அவர்தானா இவர்?"