பிரியக்காவும் பெயர் போட்ட ஸ்வெட்டரும்

பிரியக்காவைப் போன்ற கொடுமைக்காரி எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் வரவில்லை. அவள் பெயர் பிரியா அல்ல. எண்பதுகளில், சனிக்கிழமை மதியம் மகளிர் மன்றத்தில் கூடி, திருவேற்காட்டுப் பக்கம் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்காக ஸ்வெட்டர் பின்னுவோம். ஃபேக்டரியில் லேத் ஓட்டும் டர்னரின் மனைவியான அவள்தான் கற்றுக்கொடுத்தாள். ஒரு பின்னல் நழுவினாலும் "பிரி" என்பாள். அழுதால் கண்ணைத் துடைத்துவிட்டு, "இப்ப பிரி" என்பாள். பெயர் அப்படி வந்தது.

மன்றத் தலைவி பெரிய அதிகாரியின் மனைவி. அவர் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை முழங்கையோடு நின்றது; இன்னொன்று முழங்காலைத் தொட்டது. "ரொம்ப அழகு மேடம்" என்றோம் நாங்கள். பிரியக்கா வாங்கிப் பார்த்தாள்.

"இதுக்கு ஏத்த ஆளைத் தனியாத்தான் தேடணும் மேடம். பிரிங்க."

தலைவி சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு எதிரிக்குக்கூடக் கிடைக்கக் கூடாது.

மார்கழியில் இல்லத்தில் விழா. தலைவி ஒவ்வொருவருக்கும் ஸ்வெட்டரை மாட்டிவிட, போட்டோ எடுத்தார்கள். கேசரி சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறினோம். கேசரித் தூக்கை மறந்துவிட்டோம் என்று நானும் பிரியக்காவும் திரும்பிப் போனால், மேனேஜர் ஸ்வெட்டர்களையெல்லாம் கழற்றி பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தார். கிழவர்களும் கிழவிகளும் கையைக் கட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சார் இது?"

"போட்டுகினே இருந்தா அழுக்காயிடும்மா. அடுத்த ஃபங்சனுக்கு வோணும்ல?"

பிரியக்கா வேனுக்கு வந்து தலைவியிடம் சொன்னாள். "கொடுத்தாச்சு. நம்ம வேலை முடிஞ்சுது," என்றார் அவர், கைக்குட்டையால் விரலைத் துடைத்தபடி.

மறுவருஷம் பிரியக்கா இல்லத்துக்கே போய் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு வந்தாள். அந்தப் பெயரை ஸ்வெட்டரின் நெஞ்சில் பெரிய எழுத்தில் பின்ன வைத்தாள். ராஜாபாதர் என்பவருக்கு இடம் போதவில்லை. முன்பக்கம் 'ராஜா' மட்டும் நின்றார். 'பாதர்' முதுகுக்குப் போய்விட்டார்.

விழா முடிந்ததும் மேனேஜர் வழக்கம்போல் கையை நீட்டினார். கன்னியம்மா என்ற கிழவி நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

"எம் பேர் போட்டுகீது. நீ யாரு கயட்ட?"

மற்றவர்களும் கொடுக்கவில்லை. போட்டோ எடுக்க வந்திருந்த பத்திரிகைக்காரர் முன்னாலேயே இது நடந்தது. அடுத்த வாரம், மன்றத்தின் மானத்தை வாங்கிவிட்டாள் என்று பிரியக்காவை வர வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்த வருஷம் மன்றம் இல்லத்துக்கு பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்தது. போட்டோவில் பக்கெட் மிக நன்றாக விழுந்தது.

ஒரு மே மாதம் என்னையும் இழுத்துக்கொண்டு பிரியக்கா அங்கே போனாள். அனல் வெயில். கன்னியம்மா ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள், கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"இந்த வெயில்ல எதுக்கும்மா?"

"கயட்னா பூடும் கண்ணு. ராஜாபாதரு குளிக்கப் போறப்ப கயட்னாரு. அத்தோட அவரு ஸ்வெட்டரக் காணோம்."

எதற்கும் அசராத பிரியக்காவுக்கு முகம் கோணிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கிழவிக்கு விசிற ஆரம்பித்தாள். வெளியே நாங்கள் திரும்ப வேண்டிய பூந்தமல்லி வேன் இரண்டு முறை ஆரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் அக்காவைக் கூப்பிடவில்லை.