எலுமிச்சங்காய் அளவு கறி

திண்டுக்கல்
8-8-1964

மதுரையிலிருக்கும் மச்சான் ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை அமலராணியின் புருஷன் சூசைராஜ் வணக்கமாய் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே எல்லாம் சுகம், என் கிட்னி இரண்டையும் தவிர. உங்கள் சுகத்தையும், அவை இரண்டும் உட்பட, அறிய ஆவல்.

போன மாதம் முகமும் காலும் வீங்கி டாக்டரிடம் போனேன் அல்லவா? உப்பைக் குறை, கருவாடும் ஈரலும் தொடாதே, பருப்பைக்கூட அளந்து ஊற்று. ஒரு நாளைக்கு எலுமிச்சங்காய் அளவு கறி, இல்லையென்றால் ஒரு துண்டு மீன், இல்லையென்றால் ஒரு முட்டையின் வெள்ளை என்றார். அந்த 'இல்லையென்றால்' இரண்டையும் காதில் வாங்காமல் மூன்றுக்கும் காத்து உட்கார்ந்தேன். அமலராணியோ நிஜமாகவே ஓர் எலுமிச்சங்காயைப் பக்கத்தில் வைத்துக் கறியை அளக்கிறாள். இதே வீக்கத்தில்தான் என் அண்ணன் சவரிமுத்து நாலு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார், கடைசி வாரம்வரை கருவாட்டுக் குழம்பை விடாமல். அதனால் அவளோடு சண்டை போடவும் எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய் மத்தியானம் அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, சட்டிக்குள் கையை விட்டு இரண்டாவது துண்டை எடுத்தேன். பின்னால் ஒரு கனைப்பு. "ஏலே சூசை, போதும்." அண்ணன் குரல், மச்சான்! அந்தக் கரகரப்பு வேற யாருக்கு இருக்கு? திரும்பினால் சுவரும் திறந்த ஜன்னலும்தான், ஆளைக் காணோம். துண்டு தானாகச் சட்டிக்குள் விழுந்துவிட்டது.

வியாழக்கிழமை, கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேகம்பூருக்குப் போனேன். சைதூன் என்ற அம்மாள் போன மாதம்தான் பழனியிலிருந்து வந்து அங்கே சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார். ஈரல் வறுவல் கேட்டேன். இலையில் சோறும், எலுமிச்சங்காய் அளவில் ஒரே ஒரு துண்டு கறியும் வந்தது.

"ஈரல்ல கேட்டேன்?"

"இருக்கட்டும்ணே. இப்பத்தான் உங்க அண்ணன் வந்து சொல்லிட்டுப் போனாரு. பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு தம்பி வருவான், ஈரல் கேப்பான், குடுக்காத, இம்புட்டுக் கறி போதும்னு. பாவம், ரெண்டு காலும் வீங்கி, நடக்க மாட்டாம நடந்தாரு."

தெருவை எட்டிப் பார்த்தேன். வெயில் மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு துண்டை மென்று முழுங்க அரை மணி நேரம் ஆச்சு, மச்சான். அன்றிலிருந்து அளவு மீறவில்லை. கால் வீக்கம் வடிஞ்சு செருப்பு நுழையுது, ஆனா ஒவ்வொரு வாய் சோத்துக்கும் பின்னால திரும்பிப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடுறேன். நீங்கள் வந்து எங்களைப் பத்து நாள் மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும். வீட்டில் அனைவருக்கும் மாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
சூசைராஜ்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடைக்குப் போனதை மட்டும் விழுங்கிவிட்டு, மீதியை அமலராணிக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். செவ்வாய்க்கிழமை ஜன்னலுக்கு வெளியே நின்று அண்ணனைப் போலக் கனைத்துக் குரல் கொடுத்தது அவள்தானாம்! ஆகவே நீங்கள் வர வேண்டாம். சிரிப்போடு சிரிப்பாக, "அது சரி, பேகம்பூருக்கு யாரை அனுப்பி வச்ச?" என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"பேகம்பூருக்கு நீங்க எப்பப் போனீக?"

மச்சான், முதல் பஸ்ஸுக்கே வாங்க.